இயேசு சபைப் பல்கலைக்கழகத்தில் உங்கள் பிள்ளை: பெற்றோர் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் இயேசு சபையின் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களுமாக 27 இருக்கின்றன. வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன், நியூயார்க்கில் ஃபோர்டாம், மில்வாக்கியில் மார்கெட், கலிஃபோர்னியாவில் சான்டா கிளாரா, அப்புறம் பாஸ்டன் காலேஜ், செயின்ட் லூயிஸ், லொயோலா சிகாகோ, சியாட்டில் என்று பட்டியல் நீளும். பிள்ளைக்கு இவற்றில் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் சந்தோஷத்தோடு கேள்விகளும் வரும். பாதிரியார்கள் நடத்தும் இடமா? மார்க் எப்படித் தெரியும்? ஏதாவது ஆனால் யாரிடம் பேசுவது? இளநிலைப் படிப்புக்குப் பிள்ளையை அனுப்பும் தமிழ்ப் பெற்றோரை, அவர்கள் நியூஜெர்சியில் இருந்தாலும் திருநெல்வேலியில் இருந்தாலும், மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தேதிகளும் நுணுக்கமான விதிகளும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அவற்றை அந்தந்த இடத்தின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயேசு சபை என்பது யார்? பாடம் நடத்துபவர்கள் எல்லாரும் பாதிரியார்களா?

இஞ்ஞாசியார் தொடங்கி, 1540-ல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் கொடுத்த கத்தோலிக்கத் துறவற சபை இது. தமிழர்களுக்குப் புதியவர்கள் இல்லை. இத்தாலியிலிருந்து வந்து தமிழுக்கு அகராதி செய்து கொடுத்த வீரமாமுனிவர் இந்தச் சபையைச் சேர்ந்தவர். மதுரையில் தங்கித் தமிழும் சமஸ்கிருதமும் கற்ற தத்துவ போதகரும் அப்படியே. சென்னை லயோலாவும் திருச்சி செயின்ட் ஜோசப்பும் இவர்கள் உருவாக்கியவைதான்.

1548-ல் சிசிலித் தீவின் மெசினாவில் பள்ளி தொடங்கியதிலிருந்து கல்விதான் இவர்களின் பெரிய பணி. அமெரிக்காவில் முதலாவது ஜார்ஜ்டவுன், 1789. இன்று அந்தப் பல்கலைக்கழகங்களில் கற்பிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் சாதாரண பேராசிரியர்கள், எல்லா மதத்தவரும், மதம் இல்லாதவரும். துறவிகள் சிலரே. நிர்வாகம் ஓர் அறங்காவலர் குழுவின் கையில் இருக்கும். பல இடங்களில் தலைவர் பதவியிலேயே துறவி அல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் இந்துக்கள். பிள்ளைக்கு மத ரீதியாக ஏதாவது கட்டாயம் இருக்குமா?

தேவாலயப் பூசைக்குப் போகச் சொல்லிக் கட்டாயம் கிடையாது. இறையியல் பாடம் படிப்பது பெரும்பாலான இடங்களில் கட்டாயம். பெற்றோர் குழம்புவது இந்த இடத்தில்தான். அந்த வகுப்பில் கேள்வி கேட்பார்கள், நூல்களை வாசிப்பார்கள், வாதிடுவார்கள், கட்டுரை எழுதுவார்கள். நம்பிக்கைக்கு மார்க் கிடையாது. ஜார்ஜ்டவுனில் முதலாண்டு மாணவர்கள் பலர் எடுக்கும் பாடத்தின் பெயரே 'கடவுள் என்னும் பிரச்சினை'. கடவுள் இல்லை என்று வாதிட்டு எழுதினாலும் வாதம் பலமாக இருந்தால் நல்ல மார்க் வரும். பல பல்கலைக்கழகங்களில் இந்து மதம், பௌத்தம், இஸ்லாம் பற்றிய பாடங்களை எடுத்தும் இந்தத் தேவையின் ஒரு பகுதியை நிறைவேற்றலாம்.

அதே ஜார்ஜ்டவுன் 1999-ல் முழுநேர முஸ்லிம் ஆன்மிக வழிகாட்டி ஒருவரை நியமித்தது. இந்து மாணவர்களுக்கும் அங்கே தனி வழிகாட்டுதலும் வழிபாட்டு இடமும் உண்டு. வேறு பல்கலைக்கழகத்தில் இதே வசதி இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'கேம்பஸ் மினிஸ்ட்ரி' என்ற அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். என் அனுபவத்தில், தன் மதத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்காத ஓர் இடத்தைவிட, "நீ எதை நம்புகிறாய், ஏன்?" என்று மரியாதையோடு கேட்கும் இடத்தில் நம் பிள்ளைகள் தங்கள் மரபை அதிகமாகத் தேடிப் படிக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கத்தானே அனுப்பினோம். தத்துவமும் வரலாறும் எதற்கு?

எல்லா இயேசு சபைப் பல்கலைக்கழகத்திலும் 'கோர்' என்றொரு பாடத் தொகுப்பு உண்டு. எந்த மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எடுத்தாலும் அதை முடித்தால்தான் பட்டம். பாஸ்டன் காலேஜில் அது 15 பாடங்கள்: தத்துவம் இரண்டு, இறையியல் இரண்டு, வரலாறு இரண்டு, இயற்கை அறிவியல் இரண்டு, சமூக அறிவியல் இரண்டு, கலை, இலக்கியம், எழுத்து, கணிதம், பண்பாட்டுப் பன்மை ஒவ்வொன்று. வேறிடங்களில் எண்ணிக்கை கூடக் குறைய இருக்கும். பொறியியல், நர்சிங் மாணவர்களுக்குச் சில இடங்களில் கொஞ்சம் சுருக்கித் தருவார்கள்.

இதை வீணான செலவு என்று நினைக்கும் பெற்றோரின் கணக்கு எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் பணம் கட்டுகிறோம், வேலைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் இந்தப் பாடங்களில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். இருபது முப்பது பேர் உள்ள வகுப்பு. வாரா வாரம் வாசிப்பு. பேராசிரியர் முகம் பார்த்துக் கருத்து கேட்பார், சொன்னதற்கு ஆதாரம் கேட்பார். கட்டுரையைத் திருத்தித் தருவார், மறுபடி எழுதச் சொல்வார். நம் பிள்ளைகள் பலர் கணக்கில் கெட்டி. பத்துப் பேர் முன்னால் தன் கருத்தைச் சொல்லித் தாங்கி நிற்க மட்டும் தயங்குவார்கள். பின்னாளில் இன்டர்வியூவிலும் அலுவலகக் கூட்டத்திலும் கைகொடுப்பது இந்தப் பயிற்சி. பரிந்துரைக் கடிதம் எழுதும் அளவுக்குப் பிள்ளையை அறிந்த பேராசிரியரும் பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன வகுப்பில்தான் கிடைப்பார்.

இயேசு சபை 1599-ல் தன் பள்ளிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு கல்வித் திட்டம் வெளியிட்டது. இலக்கணம், இலக்கியம், பேச்சுக்கலை, தத்துவம், இறையியல் என்று படிப்படியாக மாணவனை உயர்த்தும் திட்டம். கோர் அதன் வழி வந்தது. இது பிடிக்கவே பிடிக்காது என்றால் சேர்வதற்கு முன்பே யோசிக்க வேண்டும். சேர்ந்த பிறகு தவிர்க்க வழி இல்லை.

பணம் மிச்சப்படுத்த ஒரு வழி: பள்ளியிலேயே எழுதிய ஏபி என்ற கல்லூரித் தரத் தேர்வின் மதிப்பெண்களுக்குச் சில கோர் பாடங்கள் கழியும். இறையியலுக்குப் பொதுவாகக் கழியாது.

ஒரு செமஸ்டரில் ஐந்தே பாடமா? அப்படியானால் நேரம் நிறைய இருக்குமே?

அப்படித் தோன்றும். ஒரு பாடம் வழக்கமாக 3 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, குறைந்தது இரண்டு மணி நேரம் வெளியே படிப்பு என்பது அமெரிக்க அரசின் வரையறை. 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 45 மணி நேரம், அதாவது ஒரு முழுநேர வேலை. இளநிலைப் பட்டத்துக்குச் சுமார் 120 கிரெடிட் வேண்டும். சான்டா கிளாரா போன்ற இடத்தில் செமஸ்டருக்குப் பதில் ஏறத்தாழ பத்து வாரக் காலாண்டு என்பதால் ஓட்டம் இன்னும் வேகமாக இருக்கும்.

கட்டணம் கட்டுவது நாங்கள். மார்க்கை எங்களுக்கு ஏன் காட்டமாட்டேன் என்கிறார்கள்?

'ஃபெர்பா' என்ற 1974-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம்தான் காரணம். பள்ளிக்காலம் வரை கல்விப் பதிவுகளின் மீதான உரிமை பெற்றோருக்கு. பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும், 18 வயது நிரம்பாவிட்டாலும், அந்த உரிமை பிள்ளைக்குப் போய்விடும். யார் பணம் கட்டுகிறார்கள் என்பது இதில் கணக்கில் வராது. நீங்கள் தொலைபேசியில் அழைத்து "என் மகளுக்கு கெமிஸ்ட்ரியில் என்ன கிரேடு?" என்று கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் பணிவாக மறுப்பார். அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. சொன்னால் அவர்தான் சட்டத்தை மீறியவர் ஆவார்.

வழிகள் உண்டு. பிள்ளை எழுத்து மூலம் சம்மதம் கொடுக்கலாம். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் தன் இணையக் கணக்கிலிருந்தே பெற்றோருக்குத் தனி அனுமதி கொடுக்க முடியும். எதைப் பார்க்கலாம், கட்டணத்தை மட்டுமா, கிரேடையுமா என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். அமெரிக்காவில் வரி கட்டும் பெற்றோர், பிள்ளையைத் தம்மைச் சார்ந்தவராக வரிப் படிவத்தில் காட்டியிருந்தால் பல்கலைக்கழகம் தகவல் தரலாம். தந்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உடல்நலத்துக்கோ உயிருக்கோ ஆபத்து என்ற அவசரத்தில் சம்மதம் இல்லாமலே பெற்றோரிடம் பேச அனுமதி இருக்கிறது.

சம்மதப் படிவத்தைப் பிள்ளை புறப்படும் முன்பே உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். மார்க் குறைந்த பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் அது விசாரணை மாதிரி ஆகிவிடும். சில பிள்ளைகள் கையெழுத்துப் போட மாட்டார்கள். அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் நீயே எங்களிடம் காட்டு" என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டால் போதும்.

பேராசிரியருக்கு நாங்கள் நேரடியாக எழுதலாமா?

வேண்டாம். அவரால் பதில் சொல்லவும் முடியாது, பிள்ளையைப் பற்றிய எண்ணமும் கெடும்.

சரி, அப்படியானால் பிள்ளைக்கு உதவி எங்கே கிடைக்கும்?

இந்தப் பக்கத்தில் நான் அதிகம் அக்கறைப்படும் கேள்வி இதுதான். இந்தப் பல்கலைக்கழகங்களில் உதவிக்குப் பஞ்சமே இல்லை. பிள்ளை எழுந்து போய்க் கேட்பதில்தான் பஞ்சம்.

முதலில் ஆபீஸ் ஹவர்ஸ். ஒவ்வொரு பேராசிரியரும் வாரத்தில் சில மணி நேரம் மாணவர்களுக்காகவே தன் அறையில் உட்கார்ந்திருப்பார். செமஸ்டர் தொடக்கத்தில் அவர் தரும் பாட விவரத் தாளான சிலபஸின் முதல் பக்கத்தில் அந்த நேரம் இருக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய தயக்கம். ஆசிரியரின் அறைக்குப் போவது என்றாலே ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டது போல நம் பள்ளிகள் பழக்கிவிட்டன. அங்கே நிலைமை நேர்மாறு. யாருமே வராமல் பேராசிரியர் தனியாக உட்கார்ந்திருக்கும் வாரங்கள் நிறைய. பெரிய சந்தேகம் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. "இரண்டாவது கணக்கில் இந்த வரி வரைக்கும் புரிகிறது, அதற்கப்புறம் புரியவில்லை" என்று நோட்டைக் காட்டினால் போதும்.

அடுத்தது அட்வைசர். எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது, கோர் எவ்வளவு மீதி, எதை விட்டால் பட்டம் தள்ளிப்போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்யும் முன் அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பல இடங்களில் விதியே இருக்கிறது. ஐந்து நிமிடச் சடங்காக அதை முடித்துக்கொள்ளாமல், கேள்விகளை எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

டுட்டரிங் மையத்தில் அதே பாடத்தை முன்பு நன்றாகப் படித்த மூத்த மாணவர்கள் சொல்லித்தருவார்கள். ரைட்டிங் சென்டரில் கட்டுரையின் வரைவைக் கொண்டுபோய்க் காட்டலாம். அவர்கள் பிழை திருத்தித் தருவதில்லை, வாதம் எங்கே தளர்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதியவரையே கண்டுபிடிக்க வைப்பார்கள். நூலகத்தில் ஆய்வுக்கு உதவ ஆள் உண்டு. பெரும்பாலான இடங்களில் இவற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை, நீங்கள் ஏற்கெனவே கட்டிய பணத்தில் அடக்கம்.

இயேசு சபை நிறுவனங்களில் 'கூரா பெர்சொனாலிஸ்' என்ற லத்தீன் தொடரை எல்லா அறிவிப்பிலும் பார்ப்பீர்கள். ஒவ்வொரு மாணவரையும் தனி மனிதராக, படிப்பு, உடல், மனம், ஆன்மா எல்லாவற்றோடும் சேர்த்துக் கவனிப்பது என்பது அதன் கருத்து. நடைமுறையில் இதற்குப் பொருள் என்ன? மகன் மூன்று வகுப்புக்கு வரவில்லை என்றால் பேராசிரியர் இணையம் வழியாக ஓர் எச்சரிக்கை அனுப்புவார், அது அட்வைசருக்கும் போகும், "என்னப்பா ஆச்சு, வந்து பேசு" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அந்த மின்னஞ்சலைத் திறக்காமல் விடும் பிள்ளைகள் ஏராளம். அக்கறை அதுவரை வரும். கதவைத் திறந்து உள்ளே போக வேண்டியது பிள்ளை.

பள்ளியில் 95-க்குக் குறைந்ததில்லை. இப்போது பி மைனஸ். ஏதோ தவறு நடக்கிறதா?

முதல் செமஸ்டரில் இது சாதாரணம். எல்லாருமே தங்கள் பள்ளியில் முன்வரிசை மாணவர்கள். பி மைனஸ் என்றால், 4-க்குக் கணக்கிடும் சராசரியான ஜிபிஏவில் 2.7 அளவு. முதல் ஆண்டில் அப்படி ஒன்றிரண்டு வந்தவர்கள் நான்காம் ஆண்டில் நல்ல இடத்தில் போய் நிற்பது வழக்கமான கதைதான். சி-க்குக் கீழே போனாலோ, பல பாடங்களில் ஒரே நேரத்தில் சரிந்தாலோ உட்கார்ந்து பேசுங்கள். அப்போது பெரும்பாலும் பாடத்துக்கு வெளியே ஒரு காரணம் இருக்கும்.

ஒரு பாடத்தில் தோற்றால்? அரியர் எழுதலாமா?

நம் ஊர்க் கல்லூரி போல அரியர் தேர்வு அங்கே கிடையாது. எஃப் வந்துவிட்டால் அந்தப் பாடத்தை முழுதாக மறுபடி எடுக்க வேண்டும், பணமும் மறுபடி கட்ட வேண்டும். பழைய எஃப் பதிவில் அப்படியே நிற்கும். ஜிபிஏ கணக்கில் அதை எப்படிச் சேர்ப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

அதனால் தோல்விக்கு முன்னால் உள்ள படிகள்தான் முக்கியம். செமஸ்டரின் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு பாடத்தைச் சுவடே இல்லாமல் கைவிடலாம். அதற்குப் பின் குறிப்பிட்ட தேதி வரை விலகினால் பதிவில் 'டபிள்யூ' என்று விழும், ஜிபிஏ பாதிக்காது. கட்டிய பணம் எவ்வளவு திரும்பும் என்பது வாரத்துக்கு வாரம் குறையும், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒன்றும் திரும்பாது. நோய், வீட்டில் இழப்பு போன்ற காரணத்தால் கடைசி நேரத்தில் வேலையை முடிக்க முடியாமல் போனால், பேராசிரியரிடம் கேட்டு 'இன்கம்ப்ளீட்' வாங்கிப் பின்னர் முடிக்கலாம். இந்தத் தேதிகள் எல்லாம் கல்வி நாட்காட்டியில் இருக்கும். உங்கள் வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்துக்கொண்டிருக்க வேண்டும். பாடத்திலிருந்து விலகி 12-க்குக் கீழே போவதென்றால் முதலில் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். உடல்நலம் போன்ற சில காரணங்களுக்கு மட்டும் அது கிடைக்கும். விலகிவிட்டுப் பிறகு போய்ச் சொன்னால் விசா நிலையே கெட்டுப்போகும். பிள்ளையிடம் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதைச் சொல்ல மறக்காதீர்கள்.

ஜிபிஏ 2.0-க்குக் கீழே போனால் 'அகடமிக் ப்ரொபேஷன்'. வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரு செமஸ்டர் அவகாசம், கட்டாய ஆலோசனை, சில நேரம் பாடச் சுமை குறைப்பு. அந்தக் கடிதம் வந்த பிள்ளை வெட்கத்தில் அதை மறைத்து வைப்பதுதான் ஆபத்து. உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: பல்கலைக்கழகம் தரும் ஸ்காலர்ஷிப்புகள் பல, 3.0 போன்ற ஒரு குறிப்பிட்ட ஜிபிஏவைக் கேட்கும். உங்களுக்கு வந்த கடிதத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மகனுக்குக் கற்றல் குறைபாடு உண்டு. பள்ளியில் எல்லாம் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். கல்லூரியிலும் அப்படியா?

அமெரிக்கப் பள்ளியில் ஐஇபி என்ற தனிப்பட்ட சிறப்புக் கல்வித் திட்டம் இருந்தாலும் அது கல்லூரிக்குத் தொடர்ந்து வராது. கல்லூரியில் 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவும், மாற்றுத்திறனாளிகளுக்கான 1990-ஆம் ஆண்டுச் சட்டமும்தான் பொருந்தும். அவற்றின்படி மாணவரே முன்வந்து சொல்ல வேண்டும், மருத்துவச் சான்று தர வேண்டும். அதன் பிறகு தேர்வில் கூடுதல் நேரம், அமைதியான அறை, குறிப்பெடுக்க உதவி போன்றவை கிடைக்கும்.

"யாருக்கும் தெரிய வேண்டாம், புதிதாகத் தொடங்கலாம்" என்று சில குடும்பங்கள் மறைத்துவிடுகின்றன. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பேராசிரியருக்குப் போகும் கடிதத்தில் என்ன உதவி தேவை என்பது மட்டும்தான் இருக்கும், நோயின் பெயர் இருக்காது. சலுகை முன்தேதியிட்டுக் கிடைக்காது என்பதால் கோடையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

குரலே சரியில்லை. சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று தெரியவில்லை. இங்கிருந்து என்ன செய்வது?

இதில் தயங்கவே வேண்டாம். பேராசிரியருக்கு எழுதக் கூடாது என்று சொன்னேன். இது வேறு. 'டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்' அலுவலகத்துக்கு நீங்களே அழைக்கலாம். உங்களுக்குத் தகவல் சொல்வதில்தான் அவர்களுக்குக் கட்டுப்பாடு, நீங்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள ஒரு தடையும் இல்லை. "மூன்று நாளாக ஃபோன் எடுக்கவில்லை, அதற்கு முன் இப்படிப் பேசினாள்" என்று விவரமாகச் சொன்னால், விடுதிப் பொறுப்பாளரையோ வேறு ஒருவரையோ அனுப்பிப் பார்ப்பார்கள். நடுராத்திரி என்றால் வளாகப் பாதுகாப்பு அலுவலகம் 24 மணி நேரமும் இருக்கும், நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்லலாம். அந்த எண்ணை இன்றே உங்கள் கைபேசியில் சேமித்து வையுங்கள். இந்தியாவிலிருந்து அழைக்கும்போது அமெரிக்க நாட்டுக் குறியீடு 1 சேர்த்துத்தான் அழைக்க வேண்டும்.

வளாகத்திலேயே கவுன்சிலிங் மையம் உண்டு. அங்கே பேசுவது ரகசியமாக இருக்கும், உயிருக்கு ஆபத்து போன்ற நிலையைத் தவிர உங்களிடமும் சொல்லமாட்டார்கள். அமெரிக்கா முழுவதும் 988 என்ற எண்ணை அழைத்தால் மன நெருக்கடியில் இருப்பவருக்கு எந்நேரமும் ஆள் கிடைக்கும். பிள்ளை கவுன்சிலரைப் பார்க்கிறது என்று தெரிந்தால், "நமக்கு எதுக்கு இதெல்லாம்" என்ற வார்த்தை மட்டும் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. அந்த ஒரு வார்த்தையால் போவதை நிறுத்திய பிள்ளைகள் இருக்கிறார்கள். "நல்லது கண்ணா, போய்ட்டு வா" என்பது போதும்.

கேம்பஸ் மினிஸ்ட்ரியில் இருப்பவர்களும் மதம் பார்க்காமல் உட்கார்ந்து கேட்பார்கள். கவுன்சிலிங் என்றால் பயப்படும் சில பிள்ளைகளுக்கு அந்த வழி எளிதாக இருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் மேஜரை மாற்றுகிறேன் என்கிறான். தடுக்கலாமா?

காரணத்தைக் கேளுங்கள். ஒரு பாடம் கஷ்டமாக இருப்பதால் ஓடுகிறானா, வேறொன்று உண்மையாகவே இழுக்கிறதா? இயேசு சபை மரபில் இப்படியான முடிவுகளை எடுக்க ஒரு முறையே இருக்கிறது: அவசரப்படாமல், எந்த வேலை செய்யும்போது தனக்கு ஊக்கம் பிறக்கிறது, எதில் வறண்டு போகிறோம் என்று நாள்தோறும் கவனித்து, அனுபவம் உள்ள ஒருவரிடம் பேசித் தெளிவது. அட்வைசர்கள் இதில் நன்றாகவே உதவுவார்கள். நர்சிங், பொறியியல் போன்றவற்றுக்குள் நடுவில் நுழைவது கடினம், வெளியே வருவது எளிது. மாறினால் பட்டம் எத்தனை செமஸ்டர் தள்ளிப்போகும், விசாவில் இருப்பவருக்கு என்ன பாதிப்பு என்ற இரண்டு கேள்விக்கும் விடை வாங்கி வரச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள்.

சேவை, ரிட்ரீட் என்று போகிறார்களே, படிப்பு கெடாதா?

1973-ல் ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் இயேசு சபையின் அன்றைய தலைவர் பேத்ரோ அருப்பே ஒரு முக்கியமான உரை ஆற்றினார். பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குவதே தங்கள் கல்வியின் நோக்கம் என்றார். இன்று சேவை இந்தக் கல்லூரிகள் பலவற்றில் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. பாஸ்டன் காலேஜின் 'பல்ஸ்' அதற்கு நல்ல உதாரணம். மாணவர்கள் வாரந்தோறும் நகரத்தில் சேவை செய்துகொண்டே அதைப் பற்றித் தத்துவமும் இறையியலும் படிப்பார்கள், அந்த இரண்டு கோர் தேவையும் அதிலேயே முடிந்துவிடும். ரிட்ரீட் என்பது அன்றாட ஓட்டத்திலிருந்து ஒதுங்கி அமைதியாகச் சிந்திக்கும் முகாம், பெரும்பாலும் ஒரு வார இறுதி, விருப்பம் இருந்தால் போகலாம். மதச் சார்பில்லாதவையும் உண்டு. நண்பர்கள் கிடைக்காமல் தவிக்கும் முதலாண்டுப் பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நண்பனுக்கு அசைன்மென்ட்டைக் காட்டியதற்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. இது அவ்வளவு பெரிய குற்றமா?

அங்கே பெரிய குற்றம்தான். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒன்றாகவே விசாரிக்கப்படுவார்கள். நம் பழக்கத்தில் நோட்டைக் கொடுப்பது நட்பு. அதனால் பிள்ளை அறியாமலே சிக்கிக்கொள்ளும். பிறர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுப்பதும் அப்படித்தான். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பொறுத்தவரை ஒரு பேராசிரியர் அனுமதிப்பார், இன்னொருவர் அறவே கூடாது என்பார், சிலபஸில் எழுதியிருக்கும். நோட்டீஸ் வந்துவிட்டால் குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் தவறுக்குப் பெரும்பாலும் அந்த அசைன்மென்ட்டில் பூஜ்யமோ பாடத்தில் தோல்வியோ வரும். மறைத்துப் பொய் சொன்னால் விளைவு மோசமாகும்.

ஃபோனில் என்ன கேட்பது? "ஓகேதான்" என்பதைத் தவிர பதிலே வருவதில்லை.

"எக்ஸாம் எப்படி எழுதினே?" என்று கேட்டால் "ஓகேதான்பா" என்றுதான் வரும். கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

"இந்த வாரம் எந்தப் ப்ரொஃபசரைப் போய்ப் பார்த்தே?"

"யாரையும் பார்க்கலப்பா, டைமே இல்ல."

"சரி, கெமிஸ்ட்ரிக்கு ஆபீஸ் ஹவர்ஸ் என்னைக்கு?"

"தெரியலயே... சிலபஸ்ல இருக்கும், பார்க்கறேன்."

"பார்த்துட்டு ஒரு மெசேஜ் போடு, போதும்."

இதில் திட்டும் இல்லை, மார்க்கும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் அதே கேள்வி வரும் என்று பிள்ளைக்குத் தெரியும். உங்களால் செய்ய முடிந்த மிகப் பெரிய கல்வி உதவி இந்த மாதிரி ஒரு கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கெமிஸ்ட்ரி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆண்டில் எப்போது அதிகம் கவனிக்க வேண்டும்?

செமஸ்டர் முறையில் ஆகஸ்ட் கடைசியில் வகுப்புகள் தொடங்கும். செப்டம்பரில் வீட்டு ஏக்கம் வரும், அது தானே குறையும். அக்டோபர் நடுவில் மிட்டெர்ம் தேர்வுகள். பல இடங்களில் அப்போது முதலாண்டு மாணவர்களுக்கு இடைக்கால கிரேடு வெளியாகும். அதைப் பார்த்துவிட்டு எதை வைத்துக்கொள்வது, எதிலிருந்து விலகுவது என்று அட்வைசரோடு பேச இன்னும் நேரம் இருக்கும். முதலாண்டில் நான் மிக முக்கியமாக நினைப்பது அக்டோபரின் இந்த நடு வாரங்களைத்தான். நவம்பரில் அடுத்த செமஸ்டருக்குப் பதிவு, கடைசி வாரம் நன்றிகூறல் விடுமுறை. இந்தியாவிலிருந்து போன பிள்ளைக்கு விடுதி காலியாகிப் போகும் அந்த நாட்கள் தனிமையாக இருக்கும், யார் வீட்டுக்காவது போக முன்பே ஏற்பாடு செய்யுங்கள். டிசம்பர் முதல் பாதியில் இறுதித் தேர்வு. அந்த வாரம் கேள்வியே வேண்டாம், சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். கிரேடு வெளியானதும் விடுமுறையில் ஒரு மாலை சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஜனவரியில் வகுப்பு தொடங்கிய முதல் சில நாட்களுக்குள் பாடங்களை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், மாற்ற வேண்டியது இருந்தால் அதற்குள் அட்வைசருக்கு எழுதிவிடச் சொல்லுங்கள்.